கம்பியின்றிச் செல்லும் இசைக் கட்டளை

(ஹட் பேயில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் மொழியின் தொன்மையைப் பற்றியும் இலக்கியத்தின் இனிமையைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளோ, கட்டைவிரல் அளவே உள்ள ஒரு மின்னணுச் சில்லையும், அது கம்பியின்றி அனுப்பும் இசைக் கட்டளைகளையும் பற்றியது. தமிழ்ச் சங்கத்தில் பேசத்தக்க பொருள்தானா இது என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். இயலும் இசையும் நாடகமும் சேர்ந்ததே தமிழ் என்று கொண்ட இனத்தார் நாம். இசை கெடுமாயின் தமிழில் மூன்றில் ஒரு பங்கு கெட்டதாகும். ஆதலின், இசை எந்தக் கருவியின் வழியே நம் பிள்ளைகளின் செவிக்குச் செல்கிறது என்று ஆராய்வதும் தமிழ்ப் பணியே ஆகும்.

தாய்நாட்டில் ஒரு சிற்றூர்க் கோயிலில் திருவிழா என்றால், பக்கத்து ஊரிலிருந்து நாகசுரமும் தவிலும் மாலைக்குள் வந்து சேரும். இங்கே அவ்வாறில்லை. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற தலைநகரிலிருந்து ஹட் பேக்கு வரவே கப்பலில் பல மணி நேரம் ஆகிறது. சென்னையிலிருந்து அத்தலைநகருக்கு வரக் கப்பலில் ஏறத்தாழ மூன்று நாள் வேண்டும். ஆகவே, நம் குடியிருப்பில் இசை பெரும்பாலும் பெட்டிகளிலிருந்தே பிறக்கிறது. சுருதிப் பெட்டி, தாளப் பெட்டி, கீபோர்டு, கைப்பேசி என்று பெட்டிகள் பெருகிவிட்டன.

இதனைக் கண்டு பெரியோர் சிலர், “பெட்டிக்குள்ளிருந்து வருவதும் இசையா?” என்று கேட்கின்றனர். இளைஞர் சிலரோ, “எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்கும்போது குருவிடம் எதற்குச் செல்லவேண்டும்?” என்று கேட்கின்றனர். இரு சாராரும் பெட்டியைப் பார்க்கின்றனர். பெட்டிக்குள் செல்லும் கட்டளையைப் பார்க்கவில்லை. பெட்டி தானாக ஒன்றும் பாடுவதில்லை. யாரோ இட்ட கட்டளையை அது நிறைவேற்றுகிறது. அக்கட்டளையை எழுதுகிறவன் எவனோ, அவனுடைய இசையே ஒலிக்கும். இவ்வுண்மையை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

செய்தி வேறு, ஒலி வேறு

கம்பியின்றிச் செய்தி அனுப்புவது நம் தீவுகளுக்குப் புதியதன்று. ஜகதீச சந்திர போஸ் 1895ஆம் ஆண்டில் கல்கத்தாவில், மின்காந்த அலையைச் சுவருக்கு அப்பால் செலுத்தி, அங்கிருந்த மணியை ஒலிக்கச் செய்து காட்டினார். அடுத்த பத்தாண்டு முடிவதற்குள், பர்மாக் கரையையொட்டிய டயமண்ட் தீவுக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கம்பியில்லாத் தந்தி இயங்கத் தொடங்கியது. இந்தியாவின் முதற் கம்பியில்லாத் தந்தி நிலையங்களுள் ஒன்று இத்தீவுகளிலேயே அமைந்தது என்பது நாம் பெருமையோடு நினைக்கவேண்டிய செய்தியாகும்.

அந்தத் தந்தியின் வழியே மனிதக் குரல் வரவில்லை. புள்ளியும் கோடும் வந்தன. அவற்றைப் படித்தவர் சொற்களாக மாற்றினார். போஸ் அனுப்பிய அலையும் மணியோசையைச் சுமந்து செல்லவில்லை. ‘அடி’ என்னும் கட்டளையைத்தான் சுமந்து சென்றது. ஓசை, மணி இருந்த இடத்தில் பிறந்தது. இந்த வேற்றுமையை மனத்திற்கொண்டால் நம் பொருள் முழுதும் எளிதாக விளங்கிவிடும்.

வானொலி ஒலியையே அனுப்புகிறது. போர்ட் பிளேர் வானொலி நிலையம் 1963ஆம் ஆண்டில் தோன்றியது முதல், பாடியவர் பாடியவாறே நம் வீடுகளில் கேட்டு வருகிறோம். ஆனால் இன்று நாம் பேசுவது அதனைப் பற்றியன்று. இசைக்கான தந்தியைப் பற்றியது. அதற்கு ‘மிடி’ என்று பெயர்.

1980ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மின்னணு இசைக்கருவி செய்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முறையைக் கையாண்டன. ஒருவர் செய்த கருவியை மற்றொருவர் செய்த கருவியோடு இணைக்க இயலவில்லை. அமெரிக்காவில் சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் நிறுவனத்தை நடத்திய டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்டு நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷியும் ஒரு பொது மொழி வேண்டும் என்று முயன்றனர். 1983ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் கருவிகளை ஒரே கம்பியால் இணைத்துக் காட்டினர். ஒன்றில் கட்டையை அழுத்த மற்றொன்று ஒலித்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 2013இல், இப்பணிக்காக இருவருக்கும் கிராமி தொழில்நுட்ப விருது வழங்கப்பட்டது.

அம்மொழியின் இலக்கணம் மிக எளிது. ஒரு சுரத்தை ஒலிக்கச் செய்ய மூன்று எண்கள் போதும். எடுத்துக்காட்டாக, 144, 60, 90 என்று அனுப்பினால், ‘முதல் தடத்தில், 60ஆம் சுரத்தை, 90 என்னும் விசையோடு தொடங்கு’ என்பது பொருள். சுரத்தை நிறுத்த வேறு மூன்று எண்கள் உண்டு. சுர எண்கள் 0 முதல் 127 வரை அமைந்துள்ளன. நம் இசையாளர் ‘ஒரு கட்டை’ என்று கூறும் சுருதியே இதில் 60ஆம் எண். ‘ஒன்றரைக் கட்டை’ 61ஆம் எண். ஒரு கட்டையில் சட்சமத்தை வைத்தால் அதன் பஞ்சமம் 67. கம்பியின் வழியே நொடிக்கு 31,250 துணுக்குகள் செல்வதால், மூன்று எண்கள் அடங்கிய ஒரு கட்டளை ஆயிரத்தில் ஒரு நொடிக்குள் சென்றடைந்துவிடும்.

இவ்வளவு சிறிய செய்தியாதலால், இதனை அனுப்பப் பெரிய இயந்திரம் வேண்டுவதில்லை. இதுவே அடுத்த படிக்கு வழி வகுத்தது.

கம்பி அகன்ற வரலாறு

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தைச் சேர்ந்த மாட் ரைட், ஏட்ரியன் ஃபிரீடு என்னும் இருவர் 1997இல் ‘ஓபன் சவுண்டு கன்ட்ரோல்’ என்னும் புதிய இசைச் செய்தி முறையை வெளியிட்டனர். கணினி வலையின் வழியே செல்லத்தக்கதாக அமைந்த அது, 128 படிகளோடு நில்லாமல் பின்ன எண்களையும் ஏற்பது. அதே வளாகத்தைச் சேர்ந்த லாசாரோ, வாவ்ர்சினெக் என்னும் அறிஞர்கள், மிடிச் செய்தியைக் கணினி வலையில் செலுத்தும் விதிகளை 2006இல் வகுத்தனர். பின்னர் 2015இல் புளூடூத் வழியே மிடி அனுப்பும் முறை பொது விதியாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த ஆண்டிராய்டு 6ஆம் பதிப்பு முதல், சாதாரணக் கைப்பேசிகளும் மிடி மொழியை அறியலாயின.

இவற்றை ஏழை மாணவனின் கைக்கும் எட்டச் செய்தவை நுண்கட்டுப்படுத்திகள் எனப்படும் சிறு சில்லுகள். கணக்கிடும் பகுதி, நினைவகம், வெளியுலகோடு தொடர்பு கொள்ளும் முனைகள் ஆகிய மூன்றையும் ஒரே சில்லில் அடக்கியது நுண்கட்டுப்படுத்தி. இத்தாலியில் 2005இல் தோன்றிய ஆர்டுயினோ, மாணவரும் எளிதாகக் கட்டளை எழுதும் வழியைத் திறந்தது. ஷாங்காயில் உள்ள எஸ்பிரெசிஃப் நிறுவனம் 2014இல் ஈ.எஸ்.பி. 8266 என்னும் சில்லையும், 2016இல் ஈ.எஸ்.பி. 32 என்னும் சில்லையும் வெளியிட்டது. முன்னதில் வைஃபை மட்டும் உண்டு. பின்னதில் வைஃபையும் புளூடூத்தும் உண்டு. ஈ.எஸ்.பி. 32 பொருத்திய ஒரு போர்டு இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. விரல் தொட்டாலே உணரும் முனைகளும் அதில் அமைந்துள்ளன.

இச்சில்லைக் கொண்டு இசைக் கட்டளை அனுப்பும் வழிகளுள் மூன்று நமக்குப் பயன்படுவன. முதலாவது, புளூடூத் மிடி. சில்லும் கைப்பேசியும் நேரே இணைந்துவிடும். கைப்பேசியில் உள்ள இசைச் செயலி ஒலியை எழுப்பும். வேறு கருவி வேண்டுவதில்லை. இரண்டாவது, வைஃபை வலை. கணினியும் சில்லுகளும் ஒரே வலையில் சேர்ந்து செய்தி பரிமாறும். பலர் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்கு இது ஏற்றது. மூன்றாவது, ‘ஈ.எஸ்.பி. நௌ’ என்னும் முறை. இதில் நடுவே வலைக்கருவி யாதும் இன்றி, சில்லும் சில்லும் தாமே பேசிக்கொள்ளும். இம்முறையின் முதற் பதிப்பில் ஒரு மடலில் 250 பைட்டு வரை அனுப்பலாம். நம் கட்டளைக்கு வேண்டுவதோ மூன்றே பைட்டு.

மூன்றாவது வழியின் பயனைத் தீவில் வாழும் நாம் நன்கு உணர்வோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி ஹட் பேயை அழித்தபோது, இத்தீவுகளில் தொலைபேசித் தொடர்புகள் பல அறுந்தன. அந்நேரத்தில் போர்ட் பிளேருக்கு வந்திருந்த பாரதி பிரசாத் தலைமையிலான அமெச்சூர் வானொலிக் குழுவினர், தம்மிடமிருந்த கம்பியில்லாக் கருவிகளைக் கொண்டு செய்தி சேர்த்துத் தொண்டாற்றினர். நடுவே எந்தக் கோபுரத்தையும் நம்பாமல் ஒரு கருவி மற்றொரு கருவியோடு நேரே பேசுவதன் அருமை அன்று விளங்கிற்று. இசைக்கு அத்துணைப் பெரிய தேவை இல்லையாயினும், இணையம் இல்லாத நாளிலும் நம் அரங்கில் இது இயங்கும் என்பது சிறிய நன்மையன்று.

காலந் தவறினால் தாளந் தவறும்

கட்டளை போய்ச் சேர்வது மட்டும் போதாது. காலத்தில் போய்ச் சேர்தல் வேண்டும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆதலின், மேடையில் மூன்றரை மீட்டருக்கு அப்பால் அமர்ந்த மிருதங்க வித்துவானின் ஒலி பாடகரின் செவியை அடைய நூற்றில் ஒரு நொடி ஆகிறது. அந்தத் தாமதத்தைச் செவி பொறுத்துக்கொள்கிறது. அதனினும் மிகப் பெரிதானால் விரல் முந்த ஒலி பிந்தும். வாசிப்பவரின் கை தடுமாறும்.

புளூடூத்தில் இரு கருவிகளும் குறித்த இடைவெளிகளில் மட்டுமே பேசிக்கொள்ளும். அவ்விடைவெளி வழக்கமாக ஆயிரத்தில் ஏழரை நொடிக்குக் குறையாது. கட்டளைகள் வண்டிக்குக் காத்திருக்கும் பயணிகளைப் போலக் கூடி, ஒன்றாக ஏறி வருகின்றன. ஒவ்வொன்றும் பிறந்த நேரத்தைக் குறிக்கும் முத்திரையும் உடன் வருவதால், பெறும் கருவி அவற்றை மீண்டும் உரிய இடைவெளியில் பிரித்து ஒலிக்கச் செய்யலாம். வைஃபையில் வேறொரு தொல்லை உண்டு. மின்னாற்றலை மிச்சப்படுத்த ஈ.எஸ்.பி. சில்லு அவ்வப்போது தன் வானொலிப் பகுதியை உறங்க வைக்கும். அவ்வேளையில் வந்த கட்டளை காத்துக் கிடக்கும். இசைக்குப் பயன்படுத்துவோர் அந்த உறக்கத்தை நிறுத்திவிடுதல் வேண்டும்.

கட்டளை வழியில் தொலைந்துபோவதும் உண்டு. ‘தொடங்கு’ என்பது தொலைந்தால் ஒரு சுரம் குறையும், அவ்வளவே. ‘நிறுத்து’ என்பது தொலைந்தாலோ சுரம் ஓயாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். இதற்காகவே ‘எல்லாச் சுரங்களையும் நிறுத்துக’ என்னும் பொதுக் கட்டளை மிடியில் உள்ளது. அதன் எண் 123. அதனை அனுப்ப ஒரு தனிப் பொத்தானை வைத்துக்கொள்வது அறிவுடைமை. மேலும், அரங்கில் கூடியிருப்போர் ஒவ்வொருவர் கையிலும் கைப்பேசி இருக்கிறது; அவற்றுள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அதே அலைவரிசையில் பேசுகின்றன. மனித உடல் அவ்வலையைத் தடுக்கும் இயல்புடையது. ஆதலின் பெறும் கருவியைக் கூட்டத்தின் தலைக்கு மேல் உயரத்தில் வைப்பது நலம்.

இங்கே ஒரு கேள்வி எழும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் சென்னையிலிருந்து நம் தீவுகளுக்குக் கடலடிக் கம்பி திறக்கப்பட்டது. அது ஹட் பேக்கும் வந்துள்ளது. அதன் வழியே சென்னையில் உள்ள வித்துவானோடு இங்குள்ள பிள்ளை சேர்ந்து வாசிக்கலாகாதா? பாடம் கேட்கலாம்; ஒரே தாளத்தில் சேர்ந்து வாசிப்பது கடினம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் நமக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் உள்ளது. அத்தூரத்தைக் கடக்கவே ஆயிரத்தில் ஆறேழு நொடி ஆகும். போய்த் திரும்ப அது இரட்டிக்கும். வழியில் உள்ள கருவிகள் ஒவ்வொன்றும் தம் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். ஆகவே கம்பியில்லா இசைக் கட்டளையின் உண்மையான களம் கடல் கடந்த தொலைவன்று. ஒரே அரங்கு, ஒரே மேடை. கல்வியைக் கடலுக்கு அப்பாலிருந்து பெறுவோம். கச்சேரியை நாமே இங்குச் செய்வோம்.

கமகம் எங்கே?

இனி, பேச்சின் உயிர்நிலைக்கு வருகிறோம். மிடி மொழி கட்டைகளை உடைய கருவிகளுக்காகப் பிறந்தது. 60க்கும் 61க்கும் இடையே சுர எண் இல்லை. நம் இசையோ அவ்விடைவெளியில்தான் வாழ்கிறது. சட்சமம் 60 என்றால் தோடி இராகத்தின் காந்தாரம் 63. ஆனால் 63 என்னும் எண்ணை ஆயிரம் முறை அனுப்பினாலும் தோடி வாராது. அக்காந்தாரம் ஓரிடத்தில் நில்லாது, ரிஷபத்தின் பக்கமிருந்து மத்தியமத்தின் பக்கம் வரை அசைந்தாடுவது. அந்த அசைவை நீக்கினால் எஞ்சுவது இராகமன்று, இராகத்தின் எலும்புக்கூடு.

இந்த வழக்கு நமக்குப் புதியதன்று. ஐரோப்பாவிலிருந்து இரு கருவிகள் நம்மிடம் வந்தன. ஒன்று வயலின். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாகிய பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்கு ஆக்கினார். விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும் கருவியாதலால், அது நம் கமகத்திற்கு இசைந்தது. இன்று வயலின் இல்லாத கருநாடக இசைக் கச்சேரி அரிது. மற்றொன்று ஆர்மோனியம். கட்டைக்குக் கட்டை தாவுமேயன்றி இடையே நெளிய அதற்கு இயலாது. அக்குறையைக் காட்டி, அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டில் அதற்குத் தடை விதித்தது; 1971இல்தான் அத்தடை தளர்ந்தது. இரண்டும் அயல்நாட்டுக் கருவிகளே. ஏற்றதற்கும் மறுத்ததற்கும் காரணம் பிறப்பிடமன்று. கமகத்திற்கு இடம் கொடுத்ததா இல்லையா என்பதே.

பாலுசுவாமி தீட்சிதரின் பேரரும் அவருக்கு மகவாக அமைந்தவருமான சுப்பராம தீட்சிதர், இதே சிக்கலை ஏட்டில் எதிர்கொண்டார். ச, ரி, க, ம என்னும் எழுத்துகளை மட்டும் எழுதினால் இராகம் விளங்காது என்பதை அவர் அறிவார். ஆகவே, 1904இல் எட்டயபுரத்தில் வெளியான ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்னும் பெருநூலில், சுரங்களின் மேல் கமகங்களைக் குறிக்கத் தனிக் குறியீடுகளை அமைத்தார். எழுத்து முறையில் குறை கண்டபோது அவர் எழுத்தை வெறுத்து ஒதுக்கவில்லை. எழுத்துக்குக் கமகத்தைக் கற்பித்தார். நாம் பின்பற்றவேண்டிய நெறி இதுவே.

மிடி மொழியிலும் அதற்கு இடம் உண்டு. ‘சுர வளைவு’ என்று நாம் தமிழில் சொல்லத்தக்க ஒரு கட்டளை அதில் இருக்கிறது. ஒலித்துக்கொண்டிருக்கும் சுரத்தை மேலும் கீழும் வளைக்க அதில் 16,384 படிகள் உள்ளன. வழக்கமான அமைப்பில் அது சுரத்தை இரண்டு அரைச்சுரம் மேலும், இரண்டு அரைச்சுரம் கீழும் கொண்டுசெல்லும். 63ஆம் எண்ணை வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். கீழே 61, அது தோடியின் ரிஷபம். மேலே 65, அது மத்தியமம். தோடியின் காந்தாரம் உலவும் எல்லை முழுவதும் அந்தக் கட்டளைக்குள் அடங்கியிருக்கிறது! இடம் இருந்தும் எழுதுவார் இல்லாததே நம் குறை.

சுர வளைவை நொடிக்கு நூறு முறை அனுப்பினாலும் 300 பைட்டுதான் ஆகும். பழைய கம்பியே நொடிக்கு 3,125 பைட்டு சுமக்கவல்லது. ஆகவே சில்லுக்கு இது பெருஞ்சுமையன்று. எனினும், ஒரு தடத்தில் சுர வளைவு இட்டால் அத்தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களும் சேர்ந்து வளையும்; சுருதியும் பாட்டும் ஒரே தடத்தில் இருந்தால் சுருதியே ஆடிவிடும். பாட்டுக்கு ஒரு தடம், சுருதிக்கு ஒரு தடம், தாளத்திற்கு ஒரு தடம் எனப் பிரித்தல் வேண்டும். 2018இல் வெளியான ஒரு விரிவு, விரலுக்கு ஒரு தடம் என்றே வகுத்திருக்கிறது. 2020இல் வந்த மிடி இரண்டாம் பதிப்பு, ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்க வழி செய்திருக்கிறது.

இவையெல்லாம் ஏட்டளவில் நின்றனவும் அல்ல. 1986இல் வெளிவந்த ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா கணினியை இசைக்குத் துணையாகக் கொண்டார். 2009இல் வெளிவந்த ‘டெல்லி 6’ படத்தில் ஏ. ஆர். ரகுமான், கட்டைகளே இல்லாத ‘கன்டினியூம்’ என்னும் விரற்பலகையை வாசித்தார். விரல் வழுக்கும் இடமெல்லாம் சுரமும் வழுக்கும் கருவி அது. சென்னையைச் சேர்ந்த எம். சுப்பிரமணியன், கமகத்தோடு சுரங்களை ஒலிக்கும் ‘காயகா’ என்னும் கணினி நிரலை உருவாக்கினார். பாதை போடப்பட்டிருக்கிறது; நடப்பார்தாம் வேண்டும்.

நம் குடியிருப்பில் செய்யத்தக்கது

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். இரண்டு ஈ.எஸ்.பி. 32 போர்டுகள் வாங்குங்கள். ஒன்றில் ஒரு சாண் நீளமுள்ள தொடு பட்டையை இணையுங்கள். விரல் எங்கே அழுந்துகிறது என்பதைச் சொல்லும் பட்டைகள் கடைகளில் கிடைக்கின்றன. அச்சில்லு, விரல் இருக்கும் இடத்தை 0 முதல் 4,095 வரையான எண்ணாகப் படிக்கும். விரல் பட்டதும் சுரம் தொடங்கட்டும். விரல் நகர்ந்தால் சுர வளைவு செல்லட்டும். விரல் எடுத்ததும் சுரம் நிற்கட்டும். மற்றொரு போர்டு அக்கட்டளைகளைப் பெற்று, கீபோர்டுக்கோ கைப்பேசிக்கோ கொடுக்கட்டும். கைப்பேசி மட்டும் போதுமெனில் இரண்டாம் போர்டும் வேண்டாம், புளூடூத்தே போதும்.

கருவி இயங்கியதும் வேலை முடிந்ததாக எண்ணாதீர்கள். அங்கேதான் வேலை தொடங்குகிறது. உங்கள் பாட்டியிடம் சென்று தோடியிலோ நீலாம்பரியிலோ ஒரு தாலாட்டைப் பாடச் சொல்லுங்கள். அவர் குரல் வளையும் இடத்தில் உங்கள் விரலும் வளைகிறதா என்று பாருங்கள். வளையும் வரை கட்டளையைத் திருத்துங்கள். பாட்டிக்குச் சில்லு தெரியாது. உங்களுக்குக் கமகம் தெரியாது. இருவரும் ஒரு பாயில் அமர்ந்தால் இரண்டும் கூடும்.

எச்சரிக்கையாகச் சில சொல்லுதல் கடமை. நம் கடற்காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. ஈயம் பற்றவைத்த இடங்கள் விரைவில் அரிப்புறும். கருவியை மூடிய பெட்டியில் வைத்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றையும் உள்ளே இடுங்கள். மின்சாரம் தடைப்படும் வேளைக்கு ஒரு மின்கலத்தை ஆயத்தமாக வைத்திருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த ஆற்றலில் இயங்கும் கருவிகளுக்குத் தனி உரிமம் வேண்டியதில்லை என்று மைய அரசு 2005இல் விதி வகுத்துள்ளது. எனினும் முறையான ஒப்புதல் பெற்ற போர்டுகளையே வாங்குங்கள்.

பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கையில் சில்லும் கம்பியுமாக அமர்ந்திருக்கும் பிள்ளையை, ‘பொழுதை வீணாக்குகிறான்’ என்று கடிந்துகொள்ளாதீர்கள். ‘இதில் சஹானா வருமா? காட்டு’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வி ஒன்றே அவனை இசையின் பக்கம் இழுத்துவரும். கேட்பார் இல்லாவிட்டால், கருவி செய்தவன் தந்த பன்னிரண்டு படிகளோடு அவன் நின்றுவிடுவான். அவன் பிள்ளைகளுக்கு அதுவே முழு இசையாகத் தோன்றும். அயலார் எவரும் நம் இசையைப் பறிக்க வேண்டியதில்லை. நாம் கேளாமலும் சொல்லாமலும் இருந்தாலே அது கழிந்துபோகும். தாய்நாட்டில் ஒரு வீட்டில் மறைந்தது அடுத்த வீட்டில் எஞ்சியிருக்கும். கடல் சூழ்ந்த சிறு குடியிருப்பில் அத்தகைய அடுத்த வீடு இல்லை.

நாகசுரக் கலைஞரின் மூச்சுக்கும் தவிற் கலைஞரின் கைக்கும் இச்சில்லு மாற்றாகும் என்று நாம் கூறவில்லை, ஒருநாளும் ஆகாது. அவர்களை அழைக்கும் வாய்ப்புக் கிட்டும்போதெல்லாம் அழைத்துச் சிறப்புச் செய்வோம். அவர்கள் வந்து வாசிக்கும் நாளில் அதன் நயத்தை உணரும் செவி நம் பிள்ளைகளிடம் இருத்தல் வேண்டும். அச்செவியை வளர்க்கும் ஏணியாக இச்சிறு கருவி பயன்படட்டும்.

அடுத்த ஆண்டு விழாவில், நம் பிள்ளைகள் தாமே செய்த கருவிகளோடு இம்மேடையில் அமர வேண்டும். ஒருவர் தொடு பட்டையில் விரல் வைக்க, கம்பியின்றிக் கட்டளை செல்ல, அரங்கின் மறுகோடியிலுள்ள ஒலிபெருக்கியில் காந்தாரம் அசைந்தாடி எழவேண்டும். அதற்கு வேண்டிய சிறு தொகையைச் சங்கம் மனமுவந்து அளிக்கும் என்று நம்புகிறோம். பொருளை விட முதன்மையாக வேண்டியது, பிள்ளைகளோடு அமர்ந்து பாடிக் காட்டும் பெரியோரின் ஒரு மாலை நேரம். அதனை ஈய வல்லவர் இவ்வவையில் பலர் இருக்கின்றனர்.



வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!